இலை உதிரும் நாள்களுக்கான தோட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இலையுதிர் காலத்துக்கு ஏற்றபடி வீட்டுத் தோட்டத்தை எப்படித் திட்டமிடுவது என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இந்தப் பருவம் செப்டம்பரில் தொடங்கி நவம்பர் வரையும், தெற்கே மார்ச்சில் தொடங்கி மே வரையும் நீடிக்கிறது. பதில்களில் வடபகுதியின் மாதங்களையே குறிப்பிட்டிருக்கிறேன். தெற்கே வசிப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: புதிதாகக் குடிவந்த எங்கள் வீட்டின் பின்புறம் 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்ட வெறும் புல்தரை இருக்கிறது. கோடையில் எந்தத் தோட்டமும் அழகாகத்தான் தெரிகிறது. இலையுதிர் காலத்திலும் நின்று பார்க்கத் தகுந்த தோட்டமாக இதை மாற்ற விரும்புகிறோம். எந்தெந்தச் செடிகளை வாங்கலாம்?

செடிகளின் பட்டியலைக் கடைசியில் எழுதுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். கோடையில் நாம் தோட்டத்துக்குள் இறங்கி நின்று அதைப் பார்க்கிறோம். குளிரும் மழையும் கூடிவரும் நாள்களிலோ பெரும்பாலும் வீட்டுக்குள் இருந்து சன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம். ஆகவே காலையில் எந்தச் சன்னலருகே உட்காருகிறீர்கள், பாத்திரம் கழுவும்போது உங்கள் கண் எங்கே போய் நிற்கிறது, மாலையில் வீடு திரும்பும்போது முதலில் எந்த மூலை தெரிகிறது என்பதையெல்லாம் ஒரு வாரம் கவனித்துவிட்டு, அந்தப் பார்வைக் கோடுகளைத் தாளில் வரையுங்கள். 1:50 என்ற அளவில் வரைந்தால் உங்கள் இடம் 24 செ.மீ. நீளமும் 16 செ.மீ. அகலமும் உள்ள கட்டமாகிச் சாதாரண ஏ4 தாளிலேயே அடங்கிவிடும்.

அடுத்து வெயில். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கோ இலையுதிர் காலத் தோட்டத்தின் முக்கால் பங்கு அழகு வெயிலில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. 45 டிகிரி அட்சக்கோட்டில் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதம் 21ஆம் நாள் நண்பகலில் சூரியன் தொடுவானத்துக்கு மேல் 68 டிகிரி உயரத்துக்குச் சற்று மேலே நிற்கும். செப்டம்பர் 23 அளவில் 45 டிகிரிக்கு இறங்கும். நவம்பர் 20 வாக்கில் ஏறத்தாழ 25 டிகிரிதான். இதன் பொருள் என்னவென்றால், தெற்கு எல்லையில் உள்ள 2 மீட்டர் உயர வேலி ஜூன் நண்பகலில் 80 செ.மீ. நிழலைத்தான் போடும், அதே வேலி நவம்பர் இறுதியில் 4 மீட்டருக்கு மேல் நீளும் நிழலைப் போடும். அந்த வேலி உங்கள் நீளப் பக்கத்தில் அமைந்திருந்தால் தோட்டத்தில் பாதி நண்பகலிலும் இருட்டாகவே கிடக்கும். கோடையில் வெயில் விழும் இடத்தைப் பார்த்துச் செடி வைத்தவர்கள் பின்னர் ஏமாற்றம் அடைவது இதனால்தான். இந்த ஆண்டு அக்டோபரில் காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று ஆகிய வேளைகளில் வெயில் எதுவரை எட்டுகிறது என்று சிறு குச்சிகளை நட்டு அடையாளம் செய்யுங்கள்.

சாய்ந்த வெயிலுக்கு இன்னொரு குணமும் உண்டு. மேப்பிள் இலையைப் போன்ற மெல்லிய இலையும், நாணல் வகைப் புற்களின் கதிரும், சூரியன் அவற்றுக்குப் பின்னால் இருக்கும்போது விளக்கேற்றியதைப் போல ஒளிர்கின்றன. சிவந்த காய்களும், வெண்பட்டை கொண்ட பர்ச் மரமும், நமக்குப் பின்னால் இருந்து வரும் வெயில் அவற்றின் மேல் நேரே விழும்போதுதான் நன்றாகத் தெரிகின்றன. எனவே உங்கள் சன்னலிலிருந்து பார்க்கும்போது சூரியன் இருக்கும் திசையில் புற்களையும் மேப்பிளையும், அதற்கு எதிர்த்திசையில் காய்க்கும் புதர்களையும் வையுங்கள். செலவில்லாமல் தோட்டத்தின் அழகைக் கூட்ட எனக்குத் தெரிந்த சிறந்த வழி இதுதான்.

இப்போது செடிகளுக்கு வருவோம். இவ்வளவு இடத்துக்கு ஒரு மரம் போதும். இரண்டு வைத்தால் பத்து ஆண்டுகளில் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கும். கிங்கோவின் மஞ்சளுக்கு ஈடு இல்லை, அதன் இலைகள் பெரும்பாலும் ஓரிரு நாள்களுக்குள் மொத்தமாக உதிர்ந்து தரையில் மஞ்சள் விரிப்பாகக் கிடப்பதும் காணத் தகுந்ததே. ஆனால் அது 20 மீட்டருக்கு மேல் வளரக்கூடியது, பெண் மரத்தின் பழம் அழுகும்போது தாங்க முடியாத நாற்றம் வீசும். ஆகவே அதை விட்டுவிடுங்கள். ஜப்பானிய மேப்பிள் பொறுமையாக வளர்ந்து பெரும்பாலும் 4 முதல் 6 மீட்டருக்குள் நிற்கும். அமெலாங்கியர் என்ற சிறுமரமோ வசந்தத்தில் வெண்பூவும், கோடையில் பறவைகள் விரும்பும் பழமும், இலையுதிர் காலத்தில் செம்மஞ்சள் இலையும் தந்து மூன்று பருவங்களுக்குத் தன் இடத்துக்கு ஈடு செய்கிறது. சிறிய தோட்டத்துக்கு நான் இதையே முதலில் சொல்வேன்.

அந்த மரத்துக்குப் பின்னணியாகக் கரும்பச்சை வேண்டும். ஹோலி, பாக்ஸ்வுட் போன்ற, ஆண்டு முழுவதும் இலை உதிராத புதர்களை வேலியோரம் வைத்தால், அவற்றின் முன்னே சிவப்பும் மஞ்சளும் இரு மடங்கு தெளிவாகத் தெரியும். முன்பக்கம் புற்கள்: காலமக்ரோஸ்டிஸ் வகையில் ‘கார்ல் ஃபோர்ஸ்டர்’ என்ற ரகம் நேராக நின்று கோதுமை நிறக் கதிர்களைக் குளிர்காலம் வரை தாங்கும். 1874 முதல் 1970 வரை வாழ்ந்த, பல்லாண்டுச் செடிகளுக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட ஜெர்மானிய நாற்றுப்பண்ணையாளரின் பெயர் அது. அந்த ரகம் முளைக்கும் விதையைத் தராததால், கண்ட இடத்தில் பரவிவிடும் என்ற அச்சமும் இல்லை. புற்களுக்கிடையே ஆஸ்டர், சீடம், ஜப்பானிய அனிமோன் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தூவாமல், ஒரே வகையில் ஐந்து அல்லது ஏழு செடிகளாகக் கூட்டி வையுங்கள். தனித்தனியே சிதறிய பூக்கள் சன்னலிலிருந்து பார்க்கும்போது கண்ணில் நிற்பதில்லை.

ஓர் எச்சரிக்கை. இலையுதிர் காலச் சிவப்புக்காக எவோனிமஸ் அலாட்டஸ் என்ற புதரை நாற்றுப்பண்ணைகளில் பரிந்துரைப்பார்கள். அது சில நாடுகளில் காடுகளுக்குள் புகுந்து பரவியதால் அதன் விற்பனையே தடைசெய்யப்பட்ட பகுதிகளும் உண்டு. வாங்கும் முன் உங்கள் பகுதியின் ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுச் செம்மேப்பிள் மரம் முந்தைய ஆண்டில் நெருப்பைப் போல் சிவந்தது. சென்ற ஆண்டு அழுக்குப் பழுப்பாகி உதிர்ந்துவிட்டது. மரத்துக்கு நோய் ஏதேனும் வந்திருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. இலையின் மஞ்சள் நிறம் கோடை முழுவதும் இலைக்குள்ளேயே இருக்கிறது. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. அதனால் மஞ்சள் ஆண்டுக்காண்டு அதிகம் மாறுவதில்லை. சிவப்பின் கதை வேறு. பகலில் நல்ல வெயில் அடித்து, இரவு உறைநிலைக்குக் கீழே போகாமல் குளிர்ந்தால், இலைக்காம்பின் அடியில் உருவாகும் தடுப்பால் சர்க்கரை இலைக்குள்ளேயே தங்கி, அதிலிருந்து ஆந்தோசயனின் என்ற சிவப்புநிறமி அந்த நாள்களில் புதிதாக உண்டாகிறது. வானம் மூடியே இருந்தாலோ, கடும் உறைபனி முன்னதாகவே வந்து இலையைக் கொன்றுவிட்டாலோ சிவப்பு உருவாக வாய்ப்பில்லாமல் போகிறது. கோடையின் இறுதியில் மண் வறண்டிருந்தால் இலை நிறம் மாறும் முன்பே உதிரும். வானத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மழை இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை வேர் ஆழம் வரை நீர் பாய்ச்சுவது நம் கையில் இருக்கிறது. கிளைகள் காய்ந்துகொண்டே வந்தாலோ, கோடையின் நடுவிலேயே இலை சிவந்தாலோ அப்போது வேரைச் சோதிக்க வேண்டும்.

இதிலிருந்து வாங்குபவர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. விதையிலிருந்து வளர்ந்த மேப்பிள் கன்றுகள் எல்லாம் ஒரே நிறம் காட்டுவதில்லை. அக்டோபரில் நாற்றுப்பண்ணைக்குச் சென்று, இலை நிறம் மாறி நிற்கும் கன்றை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்; அல்லது பெயரிட்ட ஒட்டு ரகத்தை வாங்குங்கள்.

கேள்வி: மரக்கன்றை வசந்தத்தில்தான் நட வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். குளிர் வரப்போகும் நேரத்தில் நடுவது ஆபத்தில்லையா?

குளிர்காலம் மிகக் கடுமையாக இருக்கும் இடங்களில் அவர்கள் சொல்வது சரிதான்; மக்னோலியா போலச் சதைப்பற்றுள்ள வேர் கொண்ட மரங்களுக்கும் வசந்தமே நல்லது. மற்றபடி இலை உதிர்க்கும் பெரும்பாலான மரங்களுக்கு இலையுதிர் காலம்தான் உகந்தது என்று நான் உறுதியாகச் சொல்வேன். காற்று குளிர்ந்த பிறகும் மண் பல வாரங்கள் கோடையின் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. இலை இல்லாத மரத்துக்கு நீர்ச்செலவு மிகக் குறைவு. தண்டின் வளர்ச்சியும் நின்றுவிடுகிறது. ஆனால் மண்ணின் வெப்பம் சுமார் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் வரை வேர் வளர்ந்துகொண்டிருக்கும். வசந்தத்தில் நட்ட கன்று, இலைக்கும் வேருக்கும் ஒரே நேரத்தில் உழைக்க வேண்டியிருக்க, இந்தக் கன்று வேரோடு தயாராக நின்று வசந்தத்தை எதிர்கொள்ளும். நிலம் உறைவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பாவது நட்டு முடியுங்கள். ஆண்டு முழுவதும் இலை நிற்கும் மரமென்றால் அதற்கும் முன்னதாக.

குழி விஷயத்தில்தான் தவறு நடக்கிறது. ஆழமாகத் தோண்டினால் மரம் நன்றாக நிற்கும் என்ற எண்ணத்தில் கன்றைப் புதைத்துவிடுகிறார்கள். குழி, தாய்மண் உருண்டையை (கன்றின் வேரோடு ஒட்டிவரும் மண்ணை) போல இரண்டு முதல் மூன்று மடங்கு அகலமாக இருக்கட்டும். ஆழம் அந்த உருண்டையின் உயரத்தைத் தாண்ட வேண்டாம். தண்டு விரிந்து வேராகப் பிரியும் இடம் தரைமட்டத்தில் தெரிய வேண்டும். தொட்டியில் இருந்த கன்றாயின் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களைப் பிரித்து விடுங்கள் அல்லது வெட்டி விடுங்கள், இல்லையேல் அவை பின்னாளில் தண்டையே நெரிக்கும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போட்டு, மேலே 5 முதல் 8 செ.மீ. மூடாக்கு (சருகு போன்றவற்றால் மண்ணை மூடும் அடுக்கு) இட்டு, அந்த மூடாக்கு பட்டையைத் தொடாதபடி ஒரு கையளவு விலக்கி வையுங்கள். தண்டைச் சுற்றிக் குவித்த மூடாக்கு ஈரத்தைத் தேக்கிப் பட்டையை அழுகச் செய்கிறது. நிலம் உறையும் வரை, மழை பெய்யாத வாரங்களில், சிறு கன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டர் நீரை நிதானமாக ஊற்றுங்கள்.

கேள்வி: வாசல் படியோரம் வைத்த சாமந்தி செழிப்பாக வளர்ந்தும் மொட்டு வைக்கவே இல்லை. அதே நாற்றைப் பின்புறத்தில் வைத்தேன். அது பூத்துக் குலுங்குகிறது. உரம் குறைவா?

வாசல் விளக்கை இரவில் அணைத்துப் பாருங்கள். சாமந்தி நீண்ட இரவை எதிர்பார்த்து மொட்டு வைக்கும் செடி. பகல், இரவு இவற்றின் நீளத்தைச் செடிகள் அளந்து பூக்கின்றன என்பதைக் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அறிவியலாளர்கள் 1920இல் வெளியிட்டார்கள்; அதன் பிறகு சாமந்தி வளர்ப்பவர்கள் கருந்துணியால் மூடி முன்னதாகவும், விளக்கேற்றிப் பின்னதாகவும் பூக்கச் செய்யப் பழகிக்கொண்டார்கள். உங்கள் வாசல் விளக்கு அறியாமல் அந்த இரண்டாவது வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. விளக்கு தவிர்க்க முடியாதது என்றால் செடியை நகர்த்திவிடுங்கள். படியோரத்தில் ஹியூகேரா போல இலைக்காகவே வளர்க்கும் செடியை வைக்கலாம்.

கேள்வி: சருகுகளை எல்லாம் கூட்டிப் பையில் கட்டி அனுப்பிவிடுகிறோம். வாடிய செடிகளையும் தரையோடு வெட்டிவிடுகிறோம். அப்போதுதான் தோட்டம் சுத்தமாக இருக்கிறது. இது சரிதானே?

உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் இவ்வளவு சுத்தம் வேண்டாம் என்றே சொல்வேன். நம் மொழி இலைக்கு அதன் வயதுக்கேற்பக் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. வாடிய பூவுக்குச் செம்மல் என்றும், உதிர்ந்த பூவுக்கு வீ என்றும் பெயருண்டு. இலையுதிர் காலத் தோட்டத்தைத் திட்டமிடுகிறவர் கொழுந்தையும் மலரையும் மட்டும் கணக்கில் வைத்தால் போதாது. பழுப்பும் செம்மலும் எப்படித் தெரியும் என்பதையும் செடி வாங்கும்போதே யோசிக்க வேண்டும். சீடத்தின் பூத்தலை இளஞ்சிவப்பிலிருந்து துருநிறமாகி அப்படியே குளிர்காலம் முழுவதும் நிற்கும். அதன் மேல் உறைபனி படிந்த காலைகளில் அதைப் பார்த்தவர்கள் கத்தரிக்கோலைக் கையில் எடுக்க மாட்டார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த தோட்ட வடிவமைப்பாளர் பீட் ஔடோல்ஃப், பூத்து முடிந்த பிறகும் அழகாக நிற்கும் செடிகளைக் கொண்டே தோட்டங்களை அமைத்துப் பெயர் பெற்றவர்.

விதைத்தலைகள் பறவைகளுக்கு உணவாகின்றன. உள்ளீடற்ற தண்டுகளுக்குள் தனித்து வாழும் தேனீக்களும், சருகுகளுக்கிடையே பட்டுப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்களும் குளிரைக் கழிக்கின்றன. ஆகவே பாத்திகளில் விழுந்த சருகை அங்கேயே விட்டு, தண்டுகளைக் குளிர்காலத்தின் முடிவில் வெட்டுங்கள். புல்தரையின் மேல் விழுந்ததை மட்டும் அகற்ற வேண்டும், ஏனெனில் ஈரச் சருகு தடிப்பாகப் படிந்தால் வெளிச்சம் இல்லாமல் புல் மஞ்சளாகிச் சாகும். ரோஜாவின் கரும்புள்ளி நோய், ஆப்பிளின் சொறி நோய் கண்ட இலைகளையும் விட்டுவைக்காமல் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்.

கூட்டிய சருகைப் பையில் கட்டி அனுப்புவது நல்ல மண்ணை அனுப்புவதற்குச் சமம். கம்பிவலையால் ஒரு மீட்டர் அகலமுள்ள கூடு செய்து, சருகை நன்றாக நனைத்து அதில் நிரப்புங்கள். இடமில்லாவிட்டால் துளையிட்ட பிளாஸ்டிக் பையே போதும். எருக்குழியைப் போல அது சூடாகாது. பூஞ்சைகள் மெல்ல வேலை செய்யும். ஓராண்டில் மூடாக்குக்கும், இரண்டாண்டில் நாற்றுப் பாத்திக்கும் ஏற்ற, கையில் உதிரும் கருநிற இலைமட்கு கிடைக்கும். தடித்த இலைகளைப் புல்வெட்டும் இயந்திரத்தால் ஒருமுறை நறுக்கிவிட்டால் விரைவில் மட்கும்.

கேள்வி: கவாத்து செய்ய இது நல்ல நேரமா?

பெரும்பாலும் இல்லை. லைலாக், ஃபோர்சித்தியா, அசேலியா போன்ற வசந்தப் பூப்புதர்கள் அடுத்த ஆண்டு மொட்டுகளை ஏற்கெனவே உருவாக்கிவிட்டன. இப்போது வெட்டினால் பூக்களைத்தான் வெட்டுகிறீர்கள். செர்ரி, பிளம் மரங்களில் இப்போது ஏற்படும் வெட்டுக்காயம் வெள்ளியிலை நோயின் பூஞ்சைக்கு வழிவிடும். அவற்றைக் கோடையில் கவாத்து செய்யுங்கள். ஒடிந்த கிளையையும் காய்ந்த கிளையையும் எப்போதும் நீக்கலாம். தழைச்சத்து உரத்தையும் புதர்களுக்கு இப்போது இட வேண்டாம். அதனால் எழும் இளந்தளிர் முதல் உறைபனியிலேயே கருகிவிடும்.

கேள்வி: டுலிப், டஃபோடில் கிழங்குகளை எப்போது, எங்கே நடுவது? முந்தைய ஆண்டு நட்டவை வரிசையாகப் படைவீரர்களைப் போல நின்றன, அழகாகத் தோன்றவில்லை.

டஃபோடிலை செப்டம்பரிலேயே நட்டுவிடுங்கள், அது வேர்விட நாள் எடுத்துக்கொள்ளும். டுலிப்பை நவம்பர் வரை தள்ளிப் போடுங்கள். மண் குளிர்ந்த பிறகு நடுவதால் டுலிப்பின் இலையையும் பூவையும் கருக்கும் பூஞ்சை நோய் குறைகிறது. கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம், கூர்முனை மேலே. இரண்டுக்கும் 12 முதல் 16 வாரங்கள் தொடர்ந்த குளிர் தேவை. குளிர்காலம் இதமாக உள்ள இடங்களில் இவை சரிவரப் பூக்காததற்குக் காரணம் இதுவே.

இடத்தைப் பொறுத்தவரை, இலை உதிர்க்கும் மரத்தின் அடியே சிறந்தது. மரம் தளிர்ப்பதற்குள் இவை வெயிலைப் பெற்றுப் பூத்து முடித்துவிடும். வரிசையாகத் தெரியாமல் இருக்க, ஒரு கைப்பிடிக் கிழங்குகளை மெல்ல எறிந்து, ஒவ்வொன்றும் விழுந்த இடத்திலேயே நடுங்கள். இரண்டு கிழங்குகள் ஒட்டி விழுந்தால் மட்டும் சற்று விலக்கினால் போதும். புல்தரையில் நட்டால், பூ வாடியபின் ஆறு வாரங்களுக்கு அந்தப் பகுதியில் புல் வெட்டக் கூடாது. அந்த இலைகள்தான் அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவைக் கிழங்குக்கு அனுப்புகின்றன. அணில் தொல்லை உள்ளவர்கள் டுலிப்பைக் குறைத்து, அணில்கள் தின்னாத டஃபோடிலைக் கூட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: எங்களுக்கு மாடிமுகப்பு மட்டும்தான். தொட்டிகளில் இதெல்லாம் சாத்தியமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறாள்.

சாத்தியமே. பெரிய தொட்டி ஒன்று, ஐந்து சிறிய தொட்டிகளை விட நல்லது. மண் அதிகம் இருந்தால் வேர் மெதுவாகக் குளிரும். சுட்ட மண்தொட்டி ஈரத்தை உறிஞ்சி, அந்த நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால் வெடித்துவிடும்; உறைபனியைத் தாங்கும் தொட்டியா என்று கேட்டு வாங்குங்கள், அடியில் கட்டைகளை வைத்து நீர் வடிய விடுங்கள். தரையில் உள்ள வேரை விடத் தொட்டியின் வேர் அதிகக் குளிரைச் சந்திப்பதால், உங்கள் ஊரின் குளிரை விடக் கடுமையான குளிரையும் தாங்கும் செடியாகத் தேர்ந்தெடுங்கள். குள்ளமான ஜப்பானிய மேப்பிள் ஒன்று, அதன் அடியில் ஹியூகேரா, மண்ணுக்குள் குரோக்கஸ் கிழங்குகள் என்று ஒரே தொட்டியில் மூன்று அடுக்குகளாக அமைக்கலாம்.

குழந்தை இருப்பதால் சிலவற்றை அறவே தவிர்த்துவிடுங்கள். இலையே இல்லாமல் செப்டம்பரில் தரையிலிருந்து பூக்கும் கோல்ச்சிகம், பார்ப்பதற்குக் குரோக்கஸைப் போலவே இருந்தாலும் அதன் எல்லாப் பாகங்களும் கடும் நஞ்சு. யூ மரத்தின் விதையும் இலையும் அப்படியே. டஃபோடில் கிழங்கும் வயிற்றைக் கெடுக்கும் நஞ்சுடையது. பார்க்க வெங்காயத்தைப் போல இருப்பதால், வாங்கிய கிழங்குகளைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமல், பெயர் எழுதிய பையில் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருந்து, ஒரே நாளில் நட்டு முடித்துவிடுங்கள்.